பொதுச்சுவரும் பொதுப்பொறுப்பும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் தீக்குப் பிந்திய மீள்கட்டுமானத்தின் வரலாறு

திருகோணமலையின் வரலாற்றை அதன் இயற்கைத் துறைமுகத்தின் ஆழத்தைக் கொண்டும், அத்துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் பிரித்தானியரும் அடுத்தடுத்து நடத்திய போர்களைக் கொண்டும் எழுதுவது நெடுநாள் வழக்கம். அவ்வழக்கில் கடைத்தெருவும் குடியிருப்பும் பின்னணியாகவே நின்றுவிடுகின்றன. அவை எரிந்த செய்தி ஒரு வரியில் குறிக்கப்படுகிறதேயன்றி, எரிந்தபின் எவ்வாறு எழுந்தன என்பது சொல்லப்படுவதில்லை. ஆயினும் 20ஆம் நூற்றாண்டு முதல் இத்துறைமுகப் பகுதி கண்ட பெருந்தீக்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் பின்னரும் மீள்கட்டுமானத்தை முன்னின்று நடத்தியவர் யார், அது எவ்விடத்தில் தடைப்பட்டது என்று ஆராய்ந்தால், அவை அனைத்துக்கும் பொதுவான ஒரு கேள்வி தெரியவருகிறது: பலருக்கு உரிமையுள்ள ஒரு கட்டடத்தில், அல்லது அடுத்தடுத்த கட்டடங்கள் சாய்ந்து நிற்கும் ஒரு சுவரில், எரிந்துபோன பொதுப்பகுதியை எடுத்துக்கட்ட வேண்டியவர் யார்? கல்லும் சுண்ணாம்பும் பணமும் கிடைத்தாலும் இக்கேள்விக்கு விடையில்லாத இடத்தில் கட்டுமானம் தயங்கி நிற்கும் என்பதையும், அவ்விடை தீ மூள்வதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டியது என்பதையும் இந்நகரின் அனுபவம் காட்டுகிறது.

கடைத்தெருவின் அமைப்பும் அதன் சட்டமும்

திருகோணமலை நகரம் உள்துறைமுகத்துக்கும் வெளிக்கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலப்பகுதியில் அமைந்தது. கிழக்கே கோணேசர் ஆலயம் அமைந்த குன்றோடு கூடிய பிரட்றிக் கோட்டையும், தெற்கே கடற்படைத் தளத்தின் பரந்த வளாகமும் பெருநிலங்களை எடுத்துக்கொண்டமையால், வணிகமும் குடியிருப்பும் எஞ்சிய இடத்தில் நெருங்கி வளர்ந்தன. பிரதான வீதி, மத்திய வீதி, டொக்யார்ட் வீதி, வடகரை வீதி ஆகியவற்றில் முன்புறம் கடையும், பின்புறமோ மேல்மாடியோ குடியிருப்புமாக அமைந்த கட்டடங்கள், இலங்கையின் ஏனைய கடைத்தெருக்களிற் போலவே, ஒன்றையொன்று ஒட்டி நின்றன.

இத்தகைய வரிசைக் கட்டடத்தின் உயிர்நிலை பொதுச்சுவர் ஆகும். பொதுச்சுவர் என்பது இரு காணிகளின் எல்லையில் எழுந்து, இருபுறத்துக் கூரையின் வளைகளையும் மாடியின் உத்தரங்களையும் தாங்கி நிற்கும் ஒற்றைச் சுவர். கல்லாலோ செங்கல்லாலோ சுண்ணாம்புச் சாந்திட்டுக் கட்டப்பட்ட சுவர் தீயைப் பெருமளவு தாங்கக்கூடியது. ஆனால் பனங்கைமரமும் சலாகையும் ஓடும் கொண்ட கூரை அவ்வாறன்று. சுவர் கூரைக்கு மேலே உயர்ந்து நில்லாமல் கூரைக்குக் கீழேயே முடிந்துவிடும் வரிசைகளில் ஒரு கடையில் மூண்ட தீ, கூரையடி வெளியினூடாக, மரத்திலிருந்து மரத்துக்குத் தாவி அடுத்த கடையை அடைகிறது. கூரை விழுந்தபின் அதன் பிடிப்பை இழந்த சுவர் பக்கவாட்டில் சாய்வதற்கு இடமுண்டாகையால், தீ தொடாத மறுபுறத்துக் கடையும் ஆபத்துக்குள்ளாகிறது. 1666இல் இலண்டன் நகரம் எரிந்தபின் அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட மீள்கட்டுமானச் சட்டம் சுவர்களைச் செங்கல்லாலோ கல்லாலோ அமைக்க வேண்டும் என்று விதித்ததோடு, அயலவர் இருவரும் பொதுச்சுவரின் செலவைப் பகிர்ந்துகொள்வதற்கும் வழிசெய்தது. தெரு முழுவதையும் காக்கும் ஒரு பொருளுக்குத் தனியொருவர் செலவிட முன்வரமாட்டார் என்பதை அச்சட்டம் அறிந்திருந்தது.

இலங்கையில் இவ்விடயத்தை ஆண்டது ரோமன்-டச்சுச் சட்டம், அதாவது ஒல்லாந்தர் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்த, உரோமச் சட்டத்தை அடியாகக் கொண்ட பொதுச்சட்டம். 1799 செப்டெம்பர் 23ஆந் திகதிப் பிரகடனத்தின் மூலம் பிரித்தானியர் அதனைத் தொடர்ந்து நடைமுறையில் விட்டனர். அச்சட்டத்தின் ஓர் அடிப்படை, நிலத்தின் மேல் எழுப்பப்படுவது யாவும் நிலத்துக்குரியவரையே சேரும் என்பதாகும். ஆகையால் ஒருவர் நிலமின்றி ஒரு மாடியை மட்டும் உடைமையாகக் கொள்வதற்கு அங்கே இடமிருக்கவில்லை. ஒரு கட்டடம் தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்கு முதுசமாக இறங்கும்போது அவர்கள் ஒவ்வொருவரும் முழுக் கட்டடத்திலும் பிரிக்கப்படாத பங்கு ஒன்றைப் பெற்றனர். கீழ்க்கடையில் ஒருவர் வணிகம் செய்து மேல்மாடியில் மற்றவர் குடியிருந்தாலும், உறுதியில் அவர்கள் இருவரும் அடிமுதல் முகடுவரை பங்காளிகளே. அத்தகைய பங்காளி எவரும் எந்நேரத்திலும் பிரிவினை வழக்குத் தொடரலாம் என்பதும் இச்சட்டத்தின் விதி. இவ்வழக்கு நிலத்தைத் துண்டாக்கித் தருவதையோ, துண்டாக்க இயலாதவிடத்து விற்றுப் பணத்தைப் பகிர்வதையோ நோக்கமாகக் கொண்டது.

கட்டடம் நிற்கும் காலத்தில் இவ்வேற்பாடு பெரிய இடர் எதுவுமின்றி நடந்துவந்தது; தீயின் பின்னர்தான் அதன் குறை தெரிந்தது. ஒரு பங்காளி தன் பணத்தைச் செலவிட்டுக் கூரை போட்டால் அதன் பயன் எல்லாப் பங்காளிகளுக்கும் சேர்கிறது. செலவை மற்றவரிடமிருந்து பெறுவதற்கு அவர் வழக்காட வேண்டும். ஒருவர் வெளிநாட்டிலும், ஒருவர் கொழும்பிலும், ஒருவர் ஊரிலும் இருக்க நேர்ந்தால், கட்டுவதா விற்பதா என்ற முதல் முடிவையே அவர்கள் எடுக்க இயலாது. வாடகைக்கு இருந்தவரின் நிலை இதனினும் நலிந்தது: கட்டடம் முற்றாக அழிந்தால் வாடகை உடன்பாடும் அதனோடு முடிவுறும் என்பது ரோமன்-டச்சுச் சட்டத்தின் பொதுநிலை. கடை எரிந்த வணிகர் பொருளை இழப்பதோடு, அதே இடத்துக்குத் திரும்பும் உரிமையையும் இழக்கக்கூடும்.

சீனக்குடா: விலகி நின்றவற்றின் பாதுகாப்பு

கடைத்தெருவுக்கு நேர்மாறான ஓர் அமைப்பைத் துறைமுகத்தின் மறுகரையிலுள்ள சீனக்குடாவிற் காணலாம். முதலாம் உலகப் போரையொட்டிப் பிரித்தானியக் கடற்படையின் கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியதனால், கீழைக் கடல்களில் பெருமளவு எண்ணெயைச் சேமித்து வைக்கும் தேவை எழுந்தது. அதன் விளைவாக 1920களில் தொடங்கிக் கட்டப்பட்ட எண்ணெய்த் தாங்கித் தொகுதி, உள்ளூர் வழக்கில் எண்ணெய்க் குதங்கள், காடு மூடிய 800 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலப்பரப்பில் 101 தாங்கிகளைக் கொண்டிருந்தது. அவற்றின் மொத்தக் கொள்ளளவு சுமார் 10 இலட்சம் தொன் ஆகும். சராசரியாகத் தாங்கி ஒன்றுக்கு எட்டு ஏக்கர் என்ற அளவிலான இப்பரப்பு நில வீணடிப்பு அன்று. எண்ணெய்க் களஞ்சியக் கட்டுமானத்தின் முதல் விதி இடைவெளி. இரண்டாவது விதி அணை, அதாவது தாங்கி பிளந்தால் வழியும் எண்ணெய் அயல் தாங்கியைச் சென்றடையாதவாறு சுற்றிலும் எழுப்பப்படும் வரம்பு. ஒன்று எரியும் என்பதை முன்னமே ஏற்றுக்கொண்டு, அது ஒன்றோடு நிற்கவேண்டும் என்று திட்டமிடுவதே இவ்விரண்டின் நோக்கம்.

அத்திட்டம் சோதிக்கப்பட்ட நாள் 1942 ஏப்ரில் 9. நான்கு நாட்களுக்கு முன், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பற்படை அன்று காலை திருகோணமலை மீது குண்டு வீசியது. எச்சரிக்கை கிடைத்ததனால் முந்திய இரவே துறைமுகத்தைவிட்டுப் புறப்பட்டிருந்த கப்பல்களுள் ஹெர்மீஸ் என்னும் விமானந்தாங்கியும் வம்பயர் என்னும் நாசகாரிக் கப்பலும் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. துறைமுகத்தினுள்ளே சகேய்ங் என்னும் வணிகக் கப்பல் தீப்பற்றிக் கைவிடப்பட்டது. கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத்தளமும் சேதமுற்றன. எண்ணெய்த் தாங்கி ஒன்றும் எரிந்தது. 91ஆம் இலக்கம் கொண்ட அத்தாங்கியின் மீது ஜப்பானிய விமானம் ஒன்று வீழ்ந்தது என்பதும், தீ ஏழு நாட்கள் எரிந்தது என்பதும் இவ்வூரில் வழங்கிவரும் செய்திகள். அவற்றின் நுணுக்கம் எவ்வாறாயினும், தொகுதியின் ஏனைய தாங்கிகள் நிலைத்து நின்றன. பிற்காலத்தில் இன்னொன்றும் குறைய, இன்று எஞ்சியுள்ளவை 99.

இத்தீயின் பின்னர் நடந்த மீட்சி, உரிமை ஒரே கையில் இருந்தமையின் விளைவைத் தெளிவாகக் காட்டுகிறது. தளம், தாங்கிகள், பட்டறைகள், நங்கூரமிடங்கள் யாவும் பிரித்தானியக் கடற்படைக்கே உரியவை. எதை முதலில் திருத்துவது, எதைக் கைவிடுவது என்பதை அது எவரிடமும் கேளாமல் முடிவுசெய்ய முடிந்தது. கீழைக் கப்பற்படை ஆபிரிக்கக் கரையிலுள்ள கிலிந்தினிக்குப் பின்வாங்கியபோதிலும் துறைமுகம் கைவிடப்படவில்லை. எரிந்த சகேய்ங் கப்பல் 1943இல் கரையருகே மூழ்கவைக்கப்பட்டு இறங்குதுறையாகப் பயன்படுத்தப்பட்டது. அதன் சிதைவை இலங்கைக் கடற்படை மீண்டும் மேலே கொண்டுவந்தது 2018 மார்ச்சில்தான். 1944இன் தொடக்கத்தில் கப்பற்படை திரும்பிவந்தது. அவ்வாண்டு ஏப்ரிலில் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கிய கூட்டுப்படை திருகோணமலையிலிருந்தே புறப்பட்டது. தாக்குண்டு இரண்டே ஆண்டுகளில் துறைமுகம் ஒரு பெரும் படைக்குத் தளமாகுமளவுக்கு எழுந்திருந்தது. எரிந்த தாங்கி மட்டும் எழுப்பப்படவில்லை. நூறு எஞ்சியிருக்க நூற்றியோராவது தேவைப்படாது என்று தனியுரிமையாளர் ஒருவர் முடிவுசெய்யலாம், கடைத்தெருவில் அவ்வாறு விடப்படும் ஒரு கடை அயற்கடையின் சுவரைத் தாங்கலின்றி விட்டுவிடும்.

எனினும் தனியுரிமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1957 ஒக்டோபர் 15இல் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டபின், தாங்கிகளைக் கட்டியவரின் தேவை அவரோடு வெளியேறியது. அவ்வளவு பெரிய கொள்ளளவு ஒரு சிறிய நாட்டின் நுகர்வுக்கு மிகையாக இருந்தது. மேற்பகுதித் தாங்கிகள் பல்லாண்டு பயனின்றிக் கிடந்து, காடு மூடி, துருவேறின. போரின் தீ அழித்ததைக் காட்டிலும் பொறுப்பேற்பார் இன்றிக் கழிந்த காலம் மிகுதியாக அழித்தது.

1983: தெரு எரிந்தபோது

1983 யூலை இறுதியில் இலங்கையெங்கும் தமிழருக்கு எதிராக மூண்ட வன்செயல் திருகோணமலையிலும் பரவியது. யூலை 26இல் கடற்படைத் தளத்தைச் சேர்ந்த சிப்பாய்கள், யாழ்ப்பாணம் விடுதலைப் புலிகளின் கையில் வீழ்ந்துவிட்டது என்ற பொய்வதந்தி பரவிய சூழலில், நகருக்குள் புகுந்து டொக்யார்ட் வீதி, பிரதான வீதி, மத்திய வீதி, வடகரை வீதி ஆகியவற்றில் தீவைத்தனர். ஏறத்தாழ 170 இடங்களில் தீ மூட்டப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. திருஞானசம்பந்தர் வீதியிலுள்ள சிவன் கோவிலும் தாக்கப்பட்டது. நகரைக் காக்கக் கடமைப்பட்ட தளத்திலிருந்தே தீ வந்தது என்பது இந்நிகழ்வின் கொடுமை. நெருக்கமான வரிசைக் கட்டடங்கள் எரிந்தமையால், தீவைக்கப்பட்ட கடைக்கும் அதனையடுத்த கடைக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது என்பது அதன் கட்டடவியற் பக்கம்.

எரிந்த ஆதனங்களைக் கையாள்வதற்கு அரசு அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் ஓர் அதிகாரசபையை அமைத்தது. ஆதன, கைத்தொழிற் புனர்வாழ்வு அதிகாரசபை எனத் தமிழிற் கூறத்தக்க அவ்வமைப்பு, அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் றெப்பியா என்று அறியப்பட்டது. அவ்விதிகளின்படி பாதிக்கப்பட்ட ஆதனங்கள் அரசின் உடைமையாகின. அவற்றைத் திரும்பப் பெற உரியவர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அச்சுறுத்தலின் கீழ் மலிவுவிலைக்கு நிலம் கைமாறுவதையும் வெளியார் குடியேறுவதையும் இது தடுக்கும் என்பது ஒரு நியாயம். வீட்டை இழந்தவர் தன் சொந்த நிலத்துக்கே மனுதாரராக வேண்டிவந்தது என்பது அதன் மறுபக்கம். பிரிக்கப்படாத பங்குகளைக் கொண்ட ஆதனங்களுக்கு இந்நடைமுறை இரட்டைச் சுமையாகும் இயல்புடையது; விண்ணப்பிப்பவர் தன் உரிமையை மட்டுமன்றி, அகதியாகவோ புலம்பெயர்ந்தோ சிதறிப்போன ஏனைய பங்காளிகளின் நிலையையும் விளக்கவேண்டியிருக்கும். 1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் இவ்வதிகாரசபையை, ஆட்களின் புனர்வாழ்வையும் உள்ளடக்கும் வகையில், நிலையான சட்ட அமைப்பாக்கியது. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இழப்பீட்டு அலுவலகம் அதன் இடத்தைப் பிடித்தது.

உரிமையை நிறுவுவதில் இலங்கையின் ஒரு பழைய ஏற்பாடு எரிந்த தெருவுக்குத் துணைநின்றது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காணி கைமாறுவது நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட உறுதியினாலேயே செல்லுபடியாகும். அவ்வுறுதியின் ஒரு படியை நொத்தாரிசு வைத்திருக்க, இணைப்படி ஒன்று காணிப் பதிவகத்தைச் சென்றடைகிறது. ஆகையால் வீட்டுப் பெட்டகத்திலிருந்த உறுதி எரிந்தாலும் அதன் சான்று எரிவதில்லை. பதிவகத்தில் பிரதி எடுத்து உரிமையை மெய்ப்பிக்க முடியும். ஆனால் எழுத்தில் இல்லாத வாடகை உடன்பாட்டுக்கும், வாய்ச்சொல்லாகப் பெரியோர் முன்னிலையில் பிரித்துக்கொண்ட குடும்பப் பங்குக்கும், பொதுச்சுவரின் செலவு பற்றி அயலவர் இருவர் செய்துகொண்ட இணக்கத்துக்கும் அத்தகைய மறுபடி இருப்பதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, காப்புறுதி வைத்திருந்தவர்களும் முழுமையாகக் காக்கப்பட்டவர்களல்லர். வழமையான தீக் காப்புறுதிப் பத்திரம் விபத்தான தீயையும் மின்னலையும் போன்றவற்றை உள்ளடக்குவது. வேலைநிறுத்தம், கலகம், உள்நாட்டுக் குழப்பம் ஆகியவற்றால் நேரும் தீ அதற்குப் புறம்பானது, அதற்கெனத் தனிக்கட்டணம் செலுத்தி மேலதிகக் காப்பைப் பெறவேண்டும். இவற்றோடு பயங்கரவாதத்தையும் சேர்த்து அரசு நடத்தும் நிதியம் ஒன்று பிற்காலத்தில் ஏற்பட்டு, 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் பொறுப்பில் இயங்குகிறது. காப்புறுதியில் சராசரி விதி என்று ஒன்றும் உண்டு: 10 இலட்சம் ரூபாய் பெறுமதியுள்ள கட்டடத்தை 5 இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்தவருக்கு 4 இலட்சம் இழப்பு நேர்ந்தால், அவர் பாதிப் பெறுமதிக்கே காப்பெடுத்தவர் ஆகையால், கிடைப்பது 2 இலட்சமே. ஒட்டிய கட்டடங்களில் ஒருவர் முழுப் பெறுமதிக்கும், அயலவர் அரைப் பெறுமதிக்கும், மூன்றாமவர் எதுவுமின்றியும் இருந்தால், பொதுச்சுவரை எழுப்பும் பணம் ஒருபோதும் முழுமையாகச் சேர்வதில்லை.

இவ்வனுபவம் 1983உடன் முடியவில்லை. 2006 ஏப்ரில் 12இல் நகரின் சந்தையில் குண்டு வெடித்ததைத் தொடர்ந்து கும்பல்கள் கடைகளையும் வீடுகளையும் எரித்தன. அந்நாட்களின் வன்செயலில் குறைந்தது 20 பொதுமக்கள் உயிரிழந்தனர், முப்பதுக்கும் மேற்பட்ட வணிக நிலையங்கள் அழிந்தன. சந்தையைச் சூழ்ந்த தெருக்களில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அயலவராக இருந்து வணிகம் செய்தமையால், பொதுச்சுவரை மீள எழுப்புவதென்பது பல இடங்களில் ஒருவர் மற்றவரோடு மீண்டும் பேசத் தொடங்குவதையும் உள்ளடக்கியது.

1973: விடையைச் சட்டத்தில் எழுதுதல்

பலர் உரிமைகொண்ட கட்டடத்தின் பொதுப்பகுதிக்குப் பொறுப்பானவர் யார் என்ற கேள்விக்கு இலங்கைச் சட்டம் 1973இல் முறையான விடை எழுதியது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை விதித்து, குடியிருப்போர் அவற்றை வாங்க வழிதிறந்த வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் அவ்வாண்டின் 1ஆம் இலக்கம் கொண்டது. தனிவீட்டை விற்பது எளிது. ஆனால் ஒரே கட்டடத்தில் அடுக்கடுக்காக அமைந்த வீடுகளைத் தனித்தனியே விற்பதற்கு, நிலத்தோடு சேர்ந்தே கட்டடம் செல்லும் என்ற பழைய விதி தடையாக நின்றது. அத்தடையை நீக்கியது அதே ஆண்டின் 11ஆம் இலக்கமான தொடர்மாடி உரிமைச் சட்டம். இத்தகைய சட்டங்களுக்கு முன்மாதிரியாக அமைந்தது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1961இல் இயற்றிய சட்டமாகும். சிங்கப்பூர் 1967இல் அவ்வழியைப் பின்பற்றியது.

1982, 2003 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்ட இச்சட்டத்தின் கீழ்ப் பதியப்படும் கட்டடம் கூட்டாதனம் எனப்படுகிறது. கூட்டாதனத்தில் ஒருவருக்கு மூன்று உரிமைகள் ஒன்றாகப் பின்னிக் கிடைக்கின்றன: தன் அலகின் மீதான தனியுரிமை, அத்திவாரம், தாங்குதூண்கள், வெளிச்சுவர், கூரை, படிக்கட்டு, நீர்க்குழாய், மின்வழி போன்ற பொது மூலகங்களில் பிரிக்கப்படாத பங்கு, அக்கட்டடத்தை நிருவகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தில் உறுப்புரிமை. பொது மூலகங்களிலுள்ள பங்கை அலகிலிருந்து பிரித்து விற்கவோ, அதற்கெனப் பிரிவினை வழக்குத் தொடரவோ இயலாது. முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் என்பது அலகுகளின் உரிமையாளர் அனைவரையும் கொண்டு சட்டத்தினால் தோன்றும் ஒரு சட்டபூர்வ ஆள். கட்டணம் அறவிடுதல், பொதுப்பகுதிகளைப் பராமரித்தல், கட்டடத்தைத் தீக்கு எதிராகக் காப்புறுதி செய்தல் என்பன அதன் கடமைகள். 1973ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட பொது வசதிகள் சபை, 2003இல் திருத்தியமைக்கப்பட்டு, கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை என்ற பெயரில் இவ்வமைப்புகளை மேற்பார்வை செய்கிறது.

கொங்கிறீற்று மாடிக் கட்டடத்தின் தீ, கடைத்தெருவின் தீயிலிருந்து வேறுபட்டது என்பதனாலும் இவ்வேற்பாடு தேவையாகிறது. ஓட்டுக்கூரைக் கடை எரிந்தால் கூரை விழுந்து அழிவு வெளிப்படையாகத் தெரியும். மாடிக் கட்டடத்தில் தூணும் தட்டும் நின்றுகொண்டேயிருக்க, அவற்றின் வலு உள்ளே குன்றியிருக்கலாம். கொங்கிறீற்று ஏறத்தாழ 300 பாகை செல்சியசைக் கடக்கும்போது பெரும்பாலும் இளஞ்சிவப்பு நிறம் பெறுகிறது, அதன் வலுவும் குறையத் தொடங்குகிறது. உருக்குக் கம்பி 550 முதல் 600 பாகையளவில் தன் வலுவில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. எரிந்த அலகின் மேற்தட்டு அடுத்த வீட்டுக்காரரின் தரையாகும். தீயணைப்புப் படை பாய்ச்சிய நீர் கீழ்வீடுகளில் இறங்கும். புகை படிக்கட்டினூடே எல்லா மாடிகளையும் அடையும். ஆகையால் பொறியியலாளரைக் கொண்டு கட்டமைப்பைச் சோதித்தல், மின்வழியை மாற்றுதல், திருத்தத்துக்கான வரைபடத்துக்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியையும் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வேண்டும் இணக்கச் சான்றிதழையும் பெறுதல் ஆகியவை எரிந்த வீட்டுக்காரர் தனியே செய்துமுடிக்கக்கூடியவை அல்ல. எல்லோர் சார்பிலும் ஒப்பந்தம் எழுதவும், காப்புறுதிப் பணத்தைப் பெறவும், அதனைத் திருத்தத்துக்கே செலவிடவும் ஒரு சட்டபூர்வ ஆள் வேண்டும். பிரிக்கப்படாத பங்குகளின் காலத்தில் இல்லாதிருந்தது அதுவே.

இவ்வேற்பாட்டுக்கும் எல்லைகள் உண்டு. அது கூட்டாதனமாகப் பதியப்பட்ட கட்டடங்களையே ஆளும். துறைமுக நகரின் பழைய வரிசைக் கடைகளும், குடும்பத்துக்குள் மாடி மாடியாகப் பிரித்துக்கொண்ட வீடுகளும் இன்றும் ரோமன்-டச்சுச் சட்டத்தின் பங்காளி முறையிலேயே நிற்கின்றன. கூட்டுத்தாபனம் கட்டடத்துக்கு எடுக்கும் தீக்காப்புறுதி வீட்டினுள்ளிருக்கும் பொருட்களைச் சேராது. கலகத்தால் மூளும் தீக்கெனத் தனிக்காப்பு எடுக்கப்படாவிட்டால், 1983இன் அனுபவமுள்ள ஒரு நகரில் மிகவும் அஞ்சத்தக்க தீயே காப்புக்குப் புறம்பாகிவிடும். மாதக் கட்டணத்தைச் செலுத்தாத உறுப்பினர் பெருகினால், கூட்டுத்தாபனம் பெயரளவில் இருந்தும் காப்புறுதி காலாவதியாகும்.

பங்கு எழுதப்பட்ட தாங்கிகள்

சீனக்குடாவின் தாங்கித் தொகுதியும் பிற்காலத்தில் இதே கேள்விக்கே வந்துசேர்ந்தது. 1987 யூலை 29இல் இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்கள், தொகுதியை மீளமைத்து இயக்கும் பணியை இரு நாடுகளும் கூட்டு முயற்சியாக மேற்கொள்ளும் என்று கூறின. எனினும் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்பது அவற்றில் வரையறுக்கப்படவில்லை. 2003இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி. தொகுதிக்குள் வந்தபின்னரும் கீழ்ப்பகுதித் தாங்கிகளே பயன்பாட்டுக்கு வந்தன. மேற்பகுதி காட்டினுள் கிடந்தது. 2022 சனவரியில் கைச்சாத்தான உடன்பாடு முதன்முறையாக எண்ணிப் பிரித்தது: 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, எஞ்சிய 61 தாங்கிகள் 50 ஆண்டுக் குத்தகையில் இவ்விரண்டும் சேர்ந்து அமைக்கும் கம்பனிக்கு. அக்கம்பனியில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம், லங்கா ஐ.ஓ.சி.யின் பங்கு 49 வீதம். தனியுரிமையான பகுதியையும் பொதுப்பகுதியையும் வேறுபடுத்தி, பொதுப்பகுதிக்கு இருவரும் உறுப்பினராகும் ஒரு சட்டபூர்வ ஆளை உருவாக்கும் இவ்வமைப்பு, அளவில் எவ்வளவு பெரிதாயினும், கட்டமைப்பில் கூட்டாதனத்தின் முறையே ஆகும். இரு நாடுகள் முப்பத்தைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டு எட்டிய தீர்வை, 1973ஆம் ஆண்டின் சட்டம் ஒரு மாடிக் கட்டடத்தின் அயலவருக்குப் பதிவு நாளிலேயே கையளிக்கிறது.

இவ்வனைத்தையும் சேர்த்து நோக்கினால், திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் மீட்சியின் வேகத்தைத் தீர்மானித்தவற்றுள் தீயின் அளவை விட உரிமையின் தெளிவு முதன்மையானதாகத் தெரிகிறது. 1942இன் தீ ஒரு பேரரசின் குண்டுவீச்சால் வந்தது, ஆயினும் ஓர் உரிமையாளர் இரண்டு ஆண்டுகளில் தளத்தை நிமிர்த்தினார். 1983இன் தீ கடை கடையாக வைக்கப்பட்டது, ஆயினும் சிதறிய பங்காளிகளும் அரசுக்கு மாறிய உடைமையும் குறைவான காப்புறுதியும் சேர்ந்து ஒவ்வொரு சுவரையும் ஒரு வழக்காக்கக்கூடியனவாயின. இன்று இந்நகரில் பழைய வரிசைகளை இடித்துப் பலமாடிக் கட்டடங்கள் எழுப்புவோருக்கு இவ்வரலாறு தரும் பயன் நடைமுறை சார்ந்தது: கட்டடத்தைக் கூட்டாதனமாகப் பதிவுசெய்தல், பொதுச்சுவரின் பொறுப்பை உறுதியில் எழுதுதல், மீள்கட்டுமானப் பெறுமதிக்கும் கலகத்துக்கும் சேர்த்துக் காப்புறுதி எடுத்தல் ஆகிய மூன்றும் அமைதிக்காலத்தில் செய்துமுடிக்கக்கூடிய வேலைகள், தீயின் பின்னர் அவற்றுள் எதனையும் செய்ய இயலாது.